புலி தானே எடுத்துக்கிட்ட போட்டோ!



ஒரு புலியைப் போட்டோ எடுக்க என்ன வேணும்? விலை உயர்ந்த கேமரா, பெரிய லென்ஸ், நிறைய தைரியம்னு சொல்வீங்க. ஆனா சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர், புலி வர்ற நேரத்துல கேமரா பக்கத்துலயே இல்லாம அருமையான புலிப் படங்களை எடுத்தார். அவர்தான் எஃப். டபிள்யூ. சாம்பியன். முழுப்பெயர் ஃபிரெடரிக் வால்ட்டர் சாம்பியன்.

இளமை

இவர் 1893-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சர்ரே என்ற பகுதியில் பிறந்தார். அப்பா வண்டுகளை ஆராய்ந்த பூச்சியியல் அறிஞர். அண்ணன் ஹாரி சாம்பியன், இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1936-ல் நூல் எழுதியவர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இயற்கை மேல் ஆசை வராமல் இருக்குமா?

1913-ல் இந்தியா வந்து கிழக்கு வங்காளத்தில் போலீஸ் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார். போர் முடிந்தபின் ஐக்கிய மாகாணத்தின் வனத்துறையில் சேர்ந்தார். இன்றைய உத்தரப்பிரதேசமும் உத்தராகண்டும் சேர்ந்ததுதான் அந்த மாகாணம். இமயமலை அடிவாரக் காடுகள் அவருடைய இன்னொரு பள்ளிக்கூடம் ஆயிற்று.

துப்பாக்கி வேண்டாம், கேமரா போதும்!

அந்தக் காலத்து அதிகாரிகளுக்குப் புலியைச் சுட்டு, அதன் மேல் காலை வைத்துப் போட்டோ எடுப்பதுதான் பெருமை. சாம்பியன் உயிரோடு இருக்கும் புலியைப் படம் பிடிக்க ஆசைப்பட்டார். பகலில் யானை மேல் ஏறிப் போய்ப் படம் எடுத்தார். ஆனால் புலி அதிகம் நடமாடுவது ராத்திரியில் ஆச்சே! அதுக்கு என்ன செய்வது?

காட்டுப்பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டினார். பக்கத்தில் கேமராவும் மக்னீசியம் வெளிச்சமும் வைத்தார். புலியின் கால் கம்பியில் பட்டதும் பளிச்! படம் பதிவாகிவிடும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இதே முறையில் ஏற்கனவே மான்களைப் படம் எடுத்திருந்தார். சாம்பியன் அதை இந்தியக் காட்டுப் புலிக்குப் பயன்படுத்தினார்.

இதுல என்ன கஷ்டம்னு கேட்கலாம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கம்பியை முதலில் தொடுவது முன்னங்கால். கம்பியைப் படத்தின் நடுவில் வருகிற மாதிரி கட்டினால் முன்னங்கால் நடுவில் நிற்கும், வால் பக்கம் வெட்டுப்பட்டுப் போகும். புலி போகிற திசைப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டினால்தான் முழுப் புலியும் படத்துக்குள் அடங்கும். அதிலும் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடணும். சரி, புலி எதிர்த்திசையில் வந்தால்? தலை மட்டும்தான் கிடைக்கும்! கேமராவை உயரத்தில் வைத்தால் புலி பூனைக்குட்டி மாதிரி தெரியும். பின்னால் வெளிச்சம் படுகிற செடி இருந்தால் கண் அங்கேதான் போகும். இடையில் ஒரு மானோ பன்றியோ கம்பியைத் தட்டிவிட்டால் அன்றைய ராத்திரி வேலை வீண்.

அதாவது படத்தின் அமைப்பு முழுவதையும் புலி வருவதற்கு முன்பே முடிவு பண்ணிடணும். அதுக்குப் புலி எந்த வழியா போகும், எந்தப் பக்கமிருந்து வரும்னு தெரியணும். காலடித் தடங்களைப் படிக்கத் தெரிந்த வனத்துறைக்காரர் என்பதால்தான் சாம்பியனால் அது முடிந்தது.

பலன் கிடைத்தது

பல வருஷ முயற்சிக்குப் பிறகு, 1925 அக்டோபரில் இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழ் அவருடைய புலிப் படத்தை முதல் பக்கத்தில் வெளியிட்டது. 1927-லும் 1934-லும் இரண்டு நூல்கள் வந்தன. படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு வேறு என்று காட்டினார். இன்று நம்ம முதுமலையில் தானியங்கிக் கேமரா வைத்துப் புலிகளை எண்ணுவதும் வரிகளைப் பார்த்துத்தான்!

துப்பாக்கி உரிமங்களைக் குறைக்க வேண்டும், காப்புக்காடுகளுக்குள் மோட்டார் வண்டிகளை விடக்கூடாது என்றும் வலியுறுத்தினார். புகழ்பெற்ற வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கேமராவைக் கையில் எடுக்கக் காரணம் சாம்பியனின் படங்கள்தான். 1947-ல் இந்தியாவை விட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று அங்கும் வனத்துறைப் பணி செய்தார். 1970-ல் காலமானார்.

நாம் கற்க வேண்டியது

நண்பர்களே! நம்மிடம் கேமரா இல்லாவிட்டாலும் வீட்டுச் செல்போன் இருக்கும். அணில், மைனா, ஓணான் எல்லாம் நம் பள்ளி வேப்பமரத்திலேயே இருக்கு. முதல் நாள் போட்டோ எடுக்காம சும்மா பாருங்க. எங்கே வந்து உட்காருது, எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கவனிங்க. மறுநாள் அதன் கண் உயரத்துக்குக் குனிஞ்சு, அது பார்க்கிற பக்கம் இடம் விட்டுக் காத்திருங்க. கூட்டைக் கலைக்காதீங்க, துரத்தாதீங்க. தானா வரட்டும். சாம்பியனுக்குப் புலியே தானா வந்துச்சே!

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு