ஊர்த்திடலில் தமிழ் வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள்

கல்வி என்பது பள்ளிக்கூடத்துச் சுவர்களுக்குள் மட்டும் நிகழ்வதன்று. நம் முன்னோருள் பலருக்குப் பள்ளியின் வாயில் அடைபட்டிருந்த நாளில், விடிய விடிய நடந்த கூத்தும் நாடகமுமே அவர்தம் செவிக்குத் தமிழை ஊட்டின. சவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் திரௌபதி அம்மன் விழாவையொட்டி நிகழும் பாரதக் கூத்தினை நாம் அறிவோம். தென் மாவட்டங்களில் அத்தகு தொண்டினை நாடகத்தின் வாயிலாக ஆற்றியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அப்பெருமகனார் வரலாறு நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இடம்பெறுவது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7 ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். புலமை மிக்க தந்தையார் தாமோதரனாரே அவருக்கு முதலாசிரியர். பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். சிலகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றி, 24 ஆம் வயதில் நாடகத் துறை புகுந்தார். எமன், இராவணன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவர் புகழ் ஓங்கியது. பின்பு நடிப்பைத் துறந்து தலயாத்திரை மேற்கொண்டார். மக்கள் அவரைச் சுவாமிகள் என்றே அழைக்கலாயினர்.

மேடையில் நடிகர் மனம்போனவாறு பேசிவந்த காலம் அது. சுவாமிகள் பாட்டையும் உரையாடலையும் வரம்பு செய்து, ஏறத்தாழ 40 நாடகங்கள் யாத்தார். அவர் சிறுவராயிருந்தபோது, 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. வறுமையால் ஏழு மக்களோடு கிணற்றில் மாண்ட நல்லதங்காள் கதையை அவர் நாடகமாக்கியபோது, அது மக்களுக்கு வெறும் பழங்கதையாகத் தோன்றியிராது. தினைப்புனம் காக்கும் குறமகள், நாரதரோடும் வேலவனோடும் அஞ்சாது சொல்லாடும் 'வள்ளி திருமணம்' இன்றும் ஊர்த் திருவிழாக்களில் நடிக்கப்படுகிறது. சாமை விளையும் நம் மலைநாட்டார்க்கு அவ்வள்ளி அயலாள் அல்லள்.

1918 ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சுவாமிகள் நிறுவினார். எளிய குடும்பத்துச் சிறுவர் அங்கே எழுத்தும் இசையும் செந்தமிழ் உச்சரிப்பும் ஒருங்கே பயின்றனர். பிற்காலத்தில் ஔவை சண்முகம் எனப் புகழ்பெற்ற டி.கே. சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் அச்சபையில் வளர்ந்தவர்களே. நாடக வாத்தியார் என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் தந்தவர் சுவாமிகள்.

ஆயினும் ஒன்றனை நாம் மறத்தல் ஆகாது. அந்நாளில் நாடகம் காணும் திடலிலும் நம்மவர் ஒதுங்கி நிற்கவே நேர்ந்தது. கலை அனைவர்க்கும் பொதுவாயினும், அமரும் இடம் பொதுவாக இருந்ததில்லை. தொலைவில் நின்றோர் செவியிலும் பாட்டுச் சென்று சேர்ந்தது. பாயில் அமரும் உரிமையோ போராடிப் பெறவேண்டியதாயிற்று.

1921 இல் வாதநோயால் கைகால் முடங்கிய பின்னரும் சுவாமிகள் தம் குழுவை விட்டு நீங்கவில்லை. 1922 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13 ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

வள்ளியைப்போல் அஞ்சாது வினவும் நாவே கல்வியின் முதற்பயன். நம் பிள்ளைகள் ஏட்டுக்கல்வியோடு மேடைக்கல்வியும் பெறுக. பின்வரிசையில் நின்று கேட்டோரின் பேரப்பிள்ளைகள் மேடையின் நடுவே நின்று தம் வரலாற்றைத் தாமே பேசுக. அதுவே சுவாமிகளுக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றியாகும்.