மண்குதிரையை நம்பியவர்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. அது குதிரை அல்ல, ஆற்றின் நடுவே திரண்டு நிற்கும் மண்குதிர் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும், கரைந்துபோகும் ஒன்றை நம்பிக் காலை விடாதே என்பதுதான் அதன் பொருள். ஆனால், மண்குதிரையை உண்மையாகவே நம்பி ஆற்றில் இறங்கிய பெண் ஒருவர் இருந்தார். நாடு பிரிந்து, வீடிழந்து வந்த மக்களுக்கும், தொழில் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த கிராமங்களுக்கும் கைவினைதான் கரை சேர்க்கும் என்று அவர் நம்பினார். அவர் பெயர் கமலாதேவி சட்டோபாத்யாய. மலையகத் தமிழர்களின் வரலாற்றிலும் ஒரு நாள் அவருக்குரியது. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

நான் அவரிடம் வந்து சேர்ந்தது அரசியல் வழியாக அல்ல, குதிரைகள் வழியாக. சிறு குதிரை உருவங்களைச் சேர்ப்பது எனது பொழுதுபோக்கு. மொனராகலையில் இதற்கென்று கடை எதுவும் இல்லை. திருவிழாக் கடைகளிலும், வெளிநாடு போய்வரும் உறவினர்களின் பைகளிலும்தான் இவை வரவேண்டும். ஊரின் பெயரில் இருப்பது மயில். குதிரையோ நமக்குச் சாமியோடு சேர்ந்து வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அய்யனாருக்கு வேளார்கள் மண்ணால் குதிரை செய்து, புரவியெடுப்பு விழாவில் ஊர்வலமாகக் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கிருந்து கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் முனியாண்டியையும் மாடசாமியையும் கொண்டுவந்தார்கள். மண்குதிரை செய்யும் சக்கரத்தைக் கொண்டுவர அவர்களுக்கு வழியிருக்கவில்லை. தோட்டத்துக்குத் தேவைப்பட்டது கொழுந்து பறிக்கும் கைகளும் கவ்வாத்து வெட்டும் கைகளும் மட்டுமே.

குதிரை சேர்ப்பவர்களுக்கு உலகில் சில பெயர்கள் மனப்பாடம். சுவீடனின் டாலர்னா பகுதியில் மரத்தில் செதுக்கிச் சிவப்பு வர்ணம் பூசும் டாலா குதிரை, 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சிக்குப் பின்னர் அந்த நாட்டின் அடையாளமாகவே ஆனது. அமெரிக்காவில் 1950இல் ஒரு கடிகாரத்துக்கு அலங்காரமாகச் செய்யப்பட்ட பிளாஸ்டிக் குதிரையிலிருந்து பிரேயர் குதிரைகள் தொடங்கின. இன்று அவற்றுக்கு வர்ணம் தீட்டவும், சேணம் தைக்கவும், போட்டிகள் நடத்தவும் பெரிய கூட்டமே இருக்கிறது. நமது பக்கத்தில் அப்படி உலகம் சுற்றியது மேற்கு வங்காளத்தின் பாங்குரா குதிரை. நீண்ட கழுத்து, விறைத்து நிற்கும் காதுகள், அகன்ற தாடை. இந்தியக் கைவினைகளின் சின்னமாக நிற்பது அதுதான். அந்தச் சின்னத்தின் பின்னால் போனால் கமலாதேவி நிற்கிறார்.

சொத்தில்லாத வீட்டுப் பெண்

கமலாதேவி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி மங்களூரில் பிறந்தார். தந்தை அனந்தையா தாரேஷ்வர் அரச உயர் அதிகாரி. கமலாதேவிக்கு ஏழு வயதானபோது அவர் உயில் எழுதாமலே இறந்துபோனார். அன்றைய சட்டப்படி சொத்து முழுவதும் அவரது முதல் மனைவியின் மகனுக்குப் போயிற்று. தாய் கிரிஜாபாய்க்கும் மகளுக்கும் மாதப்படி மட்டும் தருவதாகச் சொன்னபோது, தாய் அதை மறுத்துவிட்டு, தனது சீதனத்தைக் கொண்டே மகளை வளர்த்தார். நேற்றுவரை தன்னுடையதாக இருந்த வீடு இன்று தன்னுடையது இல்லை என்பதை அந்தப் பிள்ளை மிகச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டது.

14 வயதில் கல்யாணம். இரண்டு வருடத்தில் கைம்பெண். மூலையில் உட்கார வேண்டியவர் என்று ஊர் எதிர்பார்த்திருக்க, அவர் சென்னைக்குப் போய் இராணி மேரி கல்லூரியில் படித்தார். அங்கே சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினியோடு நட்பு ஏற்பட்டது. அந்த நட்பின் வழியாக அண்ணன் ஹரீந்திரநாத்தை அறிந்து மறுமணம் செய்துகொண்டார். கவிஞரும் நாடகக்காரருமான அவரோடு மேடையேறினார், பின்னர் சினிமாவிலும் நடித்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறக்கூடாது என்றிருந்த காலம் அது. பிற்காலத்தில் அந்தத் திருமணமும் பிரிவில் முடிந்தது.

லண்டனில் சமூகவியல் படித்துவிட்டு விடுதலைப் போராட்டத்துக்குள் வந்தார். 1926இல் சென்னை சட்டசபைத் தேர்தலில் போட்டியிட்டு மிகச் சொற்ப வாக்குகளால் தோற்றார். இந்தியாவில் ஒரு பெண் தேர்தலில் நிற்பதே அன்று புதினம். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று காந்தியிடம் வாதாடினார். பிறகு பம்பாய்ப் பங்குச் சந்தைக்குள்ளேயே புகுந்து, தடைசெய்யப்பட்ட உப்பைப் பொட்டலம் பொட்டலமாக விற்றார். சிறை அவருக்குப் பழகிய இடமாயிற்று.

யாழ்ப்பாணமும் நாவலப்பிட்டியும்

இனி வருவது நமது கதை. 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க கமலாதேவி அழைக்கப்பட்டார். ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் வழிநடத்திய அந்த இயக்கம், சாதிக்கு எதிராகவும் முழு சுதந்திரத்துக்காகவும் நின்றது. டொனமூர் அரசியலமைப்பு முழு சுதந்திரம் தரவில்லை என்று சொல்லி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும் முடிவு அந்த மாநாட்டில்தான் எடுக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அது சரியான முடிவா, தமிழர்களுக்கு நட்டமா என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அந்த மேடையில் தலைமை வகித்தவர் 28 வயதுப் பெண் என்பதை அந்தப் பேச்சுக்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

ஆறு வருடத்தின் பின் அவர் மீண்டும் இலங்கைக்கு வந்தார். இம்முறை லங்கா சமசமாஜக் கட்சியின் கூட்டங்களுக்காக. 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் சுமார் 2,000 தோட்டத் தொழிலாளர்கள் கூடினார்கள். அன்று அவருக்கு 34 வயது பூர்த்தியான நாள். தொழிலாளர்கள் தோட்டத்தை விட்டுக் கூட்டத்துக்குப் போவதே துரைமாருக்கு எதிரான காரியமாக இருந்த காலத்தில், அவர்கள் முன்னால் ஒரு பெண் எழுந்து பேசினார். அதே மேடையில்தான், தோட்டத்தில் தொழில் பழக வந்து தொழிலாளர் பக்கம் சாய்ந்த மார்க் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞரை என்.எம். பெரேரா கூட்டத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதே மாதம் ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டதும், உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னதும் தொழிற்சங்க வரலாற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. பிரேஸ்கேர்டிலின் பெயர் நிலைத்த அளவுக்கு அன்று பேசிய பெண்ணின் பெயர் நிலைக்கவில்லை.

1948: இரண்டு விதமான அகதிகள்

1947இல் இந்தியா இரண்டாகப் பிரிந்தது. டில்லியைச் சுற்றிலும் முகாம்கள். கமலாதேவி அரச பதவிகளைத் தேடிப் போகவில்லை. 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கி முகாம்களுக்குள் போனார். முதலில் டில்லிக்கு அருகே சத்தர்பூரில் அகதி விவசாயிகளைக் கூட்டுறவாகச் சேர்த்தார்கள். பின்னர் வடமேற்கு எல்லைப் பகுதியிலிருந்து வந்த பல்லாயிரம் பேருக்காக ஃபரிதாபாத் நகரம் எழுந்தது. அந்த மக்களே கூட்டுறவுகளாகச் சேர்ந்து தமது வீடுகளைக் கட்டினார்கள்.

இதில் அவர் பிடித்த பிடி ஒன்று உண்டு. அகதிக்கு நிவாரணம் கொடுப்பது ஒன்று, தொழில் கொடுப்பது இன்னொன்று. நிவாரண வரிசையில் நிற்பவரிடம் உனக்கு என்ன தேவை என்று கேட்பார்கள். தொழில் செய்பவரிடம் உனக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்விதான் மனிதரை எழுந்து நிற்க வைக்கும் என்பதே அவரது வேலைகள் எல்லாவற்றிலும் நான் காணும் அடிப்படை. ஓடிவந்தவர்கள் கையில் பெட்டி இல்லாமல் வந்திருக்கலாம், ஆனால் கை இல்லாமல் வரவில்லை. தையல், எம்பிராய்டரி, நெசவு என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்தவை எல்லாம் சந்தைக்குப் போகும் வழியை அவர் தேடினார்.

அதே 1948இல் இலங்கையில் நடந்தது நமக்குத் தெரியும். குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்கள் இருந்த இடத்திலேயே நாடற்றவர்களானார்கள். நாவலப்பிட்டியில் அவர் பேச்சைக் கேட்டவர்களில் பலரும் அதில் அடங்கியிருப்பார்கள். 1964இன் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கெழுதப்பட்டது. 1977 வன்முறைக்குப் பின் ஊவாவிலிருந்தும் பிற மலையகப் பகுதிகளிலிருந்தும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் 2009வரை எத்தனை தடவை இடம்பெயர்ந்தன என்பதை இதை வாசிப்பவர்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உனக்கு என்ன தெரியும் என்று அவர்களிடம் கேட்டவர்கள் குறைவு.

களிமண் குதிரை சந்தைக்குப் போன வழி

1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைக்கப்பட்டு, அதன் தலைமை கமலாதேவியிடம் வந்தது. டில்லியின் குடிசைக் கைத்தொழில் விற்பனை நிலையத்தை நடத்தும் பொறுப்பும் அவரது கூட்டுறவு ஒன்றியத்திடம் வந்தது. அதன் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட கிராமங்களில் நடந்த நேரம் அதிகம். நெசவாளர், குயவர், கன்னார், பாய் முடைபவர் என்று தேடித்தேடிப் போனார். ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி ஓவியம் சில முதியவர்களின் கையோடு நின்றுபோக இருந்த நேரத்தில், அங்கே பயிற்சி நிலையம் தொடங்க வைத்தார்.

பாங்குரா மாவட்டத்தின் பாஞ்ச்முரா கிராமத்துக் கும்பகார்கள் தலைமுறை தலைமுறையாகக் குதிரை செய்தவர்கள். தர்மதாகூருக்கும் மனசா அம்மனுக்கும் நேர்த்திக்கடனாக வைப்பதற்கே அவை. நமது அய்யனார் குதிரைக்கு அவை தூரத்துச் சொந்தம். செய்யும் முறை அழகானது. நான்கு கால்கள், இரண்டு பாகமாகக் கழுத்து, முகம் என்று ஏழு துண்டுகளைச் சக்கரத்தில் தனித்தனியாக வனைந்து, உள்ளே வெற்றிடம் விட்டுப் பொருத்துவார்கள். காதும் வாலும் தனியே செய்து செருகப்படும். சூளையில் புகையை வெளியே விட்டால் குதிரை சிவப்பு, புகையை அடைத்துவைத்தால் கறுப்பு. விரலளவிலிருந்து ஆளின் இடுப்பளவு வரை செய்வார்கள். மரத்தடிக் கோயிலில் மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தக் குதிரை, கைவினை வாரியத்தின் காலத்தில் டில்லிக் கடைக்கு வந்து, பின்னர் இந்தியக் கைவினைகளின் சின்னமே ஆனது. 1965 முதல் தலைசிறந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருதும் கொடுக்கத் தொடங்கினார்கள். பெயரில்லாமல் இருந்த குயவனுக்கும் நெசவாளிக்கும் பெயர் சொல்லி மேடையில் கிடைத்த மரியாதை அது. பாஞ்ச்முராவின் ராஸ்பிகாரி கும்பகார் அதைப் பெற்றவர்களில் ஒருவர். 2018இல் அந்தக் குதிரைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

1964இல் நியூயோர்க்கில் உலகக் கைவினைப் பேரவை உருவானபோது அதன் முன்னோடிகளில் கமலாதேவியும் இருந்தார். அதே ஆண்டு இந்தியக் கைவினைப் பேரவை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 1966இல் மகசேசே விருது, 1987இல் பத்மவிபூஷண். 1988 அக்டோபர் 29ஆம் திகதி, 85ஆவது வயதில் காலமானார்.

கரை சேர்ந்ததா?

அவரது வேலைகள் எல்லாம் வென்றன என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஃபரிதாபாத்தில் மக்கள் கையிலிருந்த பொறுப்புகள் படிப்படியாக அதிகாரிகளின் மேசைக்குப் போக, கூட்டுறவு வேகம் தளர்ந்தது. குதிரை புகழ் பெற்றதும் மரத்திலும் பித்தளையிலும் போலிகள் மலிந்தன. இடைத்தரகர்களுக்குக் கிடைக்கும் இலாபத்தோடு பார்த்தால் மண் பிசைபவரின் பங்கு இன்றும் சிறியதுதான். ஆனாலும், பாஞ்ச்முராவில் சக்கரம் நிற்கவில்லை. ஸ்ரீகாளஹஸ்தியில் தூரிகை காயவில்லை.

போருக்குப் பிந்திய வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் கைப்பணிப் பயிற்சிகள் நிறைய நடந்தன. செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் அவற்றின் சான்றிதழ்களைச் சுவர்களில் பார்த்திருக்கிறேன். பொருளை யார் வாங்குவார் என்ற கேள்விக்குத்தான் பல வீடுகளில் பதில் இல்லை. பயிற்சி மூன்று மாதம், திட்டம் ஒரு வருடம், பிறகு தையல் இயந்திரத்துக்கு மேலே துணி போர்த்தியிருக்கும். கமலாதேவி பயிற்சியோடு நிற்கவில்லை. கடையைத் திறந்தார், அதன் கணக்கைக் கூட்டுறவின் கையில் கொடுத்தார், செய்தவரின் பெயரை வெளியே சொன்னார். இந்த மூன்றும் இல்லாத பயிற்சி மழையில் வைத்த பச்சை மண்குதிரைதான்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி, அவர் இறந்து 26 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. தப்பியவர்கள் நெடுநாள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, பிறகு புது வீடுகளுக்குப் போனார்கள். வீடு கிடைத்தது நல்லது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கைக்கு வேறு என்ன தெரியும், அதைக்கொண்டு எப்படிப் பிழைக்கலாம் என்று கேட்க ஒரு நிறுவனம் ஊவாவில் இன்னும் வேண்டியிருக்கிறது. நாவலப்பிட்டியில் நமது முன்னோர் முன்னால் நின்று பேசியவர், அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே தனது பிற்பாதி வாழ்நாளைக் கொடுத்தார். சூளையில் சுட்டெடுத்த குதிரை தண்ணீரில் கரையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.