மூளை மருத்துவம் கற்பித்த பேராசான் டாக்டர் பி. இராமமூர்த்தி

காஞ்சி மாநகர் கிழக்கே சென்னைக்கும் மேற்கே வேலூருக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்துள்ளது. இந்திய நரம்பியல் அறுவை மருத்துவம் முதன்முதலில் வேரூன்றிய ஊர்கள் அவ்விரண்டுமே. 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அத்துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதனை நிறுவியவர் டாக்டர் பி. இராமமூர்த்தி. அதற்கு முன்னர் மூளையில் கட்டி கண்டோர்க்கும், தலையில் பேரடி பட்டோர்க்கும் உரிய தனித்துறை தமிழகத்தில் இல்லை.

ஞானசம்பந்தர் அவதரித்த சீர்காழியில் 1922 ஜனவரி 30-ஆம் நாள் பிறந்த இராமமூர்த்தி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1947-இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். பின்னர் நியூகாசில் நகரில், தலைக்காய மருத்துவத்தில் பெயர் பெற்ற ரோபாதமிடம் மூளை அறுவைக் கலையைக் கற்றுத் தாயகம் திரும்பினார்.

அரிய கலையைக் கற்றவர்க்கு இரு வழிகள் உண்டு. தாம் ஒருவரே வல்லுநராய்ப் புகழுடன் வாழ்வது ஒன்று. கற்றதைப் பிறர்க்கு வாரி வழங்குவது மற்றொன்று. முதல் வழியில் கலை ஒருவருடைய ஆயுளோடு முடியும். அவர் கைக்கு எட்டாத நோயாளி மடிவார். இராமமூர்த்தி இரண்டாம் வழியைத் தேர்ந்தார்.

கபாலத்தைத் திறவாமலே உட்புறத்தைப் படம் பிடிக்கும் சி.டி. கருவி 1971-இல்தான் இலண்டனில் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. அதற்கு முந்திய நாளில் மாணாக்கரின் முதன்மைக் கருவிகள் முழங்காலைத் தட்டும் சிறு சுத்தியலும், குண்டூசியும், பஞ்சுத் திரியுமே. இடக்கை வலுவிழந்தால் மூளையின் வலப்புறத்தை ஐயுற வேண்டும். சொல்லாற்றல் குன்றினால் பெரும்பாலும் இடப்புறத்தை நோக்க வேண்டும். சேலையில் தெரியும் குறையைக் கொண்டு, பாவில் அறுந்த இழையை நெசவாளர் தேடிக் காண்பதை ஒத்தது அக்கலை. நோயாளியின் படுக்கையருகே நின்று ஆசான் காட்டினாலன்றி அது கைவராது.

1951-இல் ஜேக்கப் சாண்டி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இணைந்து இந்திய நரம்பியல் கழகத்தை அவர் நிறுவினார். நரம்பு மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே அவையில் அமர்ந்து ஆராய அது வழி வகுத்தது. பி.என். டாண்டனுடன் இணைந்து அவர் பதிப்பித்த நரம்பியல் அறுவை மருத்துவப் பாடநூல் 1980-இல் வெளிவந்தது. அயல்நாட்டு நூல்களையே நம்பியிருந்த இந்திய மாணாக்கர்க்கு அது பெருந்துணையாயிற்று.

பெண்கள் எட்டிப் பார்க்கவும் தயங்கிய அத்துறையில், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா உருவானது சென்னையிலேயே. டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் அக்குழுவைச் சார்ந்தவர். மூளையின் ஆழத்தே ஊசிமுனை அளவான இடத்தைக் கணித்து அணுகும் அறுவை முறையில் இக்குழு உலகின் கவனத்தைப் பெற்றது. கட்டுக்கடங்கா வன்செயலுக்கும் அம்முறையை அக்குழுவினர் கையாண்டனர். மனித நடத்தையைக் கத்தியால் மாற்றுவது அறமாகுமா என்னும் வினா பின்னர் உலகெங்கும் எழ, அத்தகைய சிகிச்சை அருகிற்று. முன்னோடியின் பாதையில் இவ்வினாவும் ஒரு பகுதியே. அதனை மறைத்தல் வரலாறு ஆகாது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. சென்னைத் தன்னார்வ மருத்துவ நிறுவனத்தில் ஆச்சண்ட லட்சுமிபதி நரம்பியல் அறுவை மையத்தை உருவாக்கி, மருத்துவமும் கற்பித்தலும் தொடர்ந்தார்.

2003 டிசம்பர் 13-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கற்பித்த கலையோ அவருடன் மறையவில்லை. அவர்தம் மாணாக்கரும், அம்மாணாக்கரின் மாணாக்கரும் அதனைக் கைமாற்றிக் கொடுத்தவண்ணம் உள்ளனர். ஆசான் ஒருவரின் ஆயுளை அளக்கத்தக்க அளவுகோல் அதுவே.