வெறும் மேடையில் ஓர் இளவரசி

கொத்மலையிலிருந்து இறங்கும் நீரையும் சேர்த்துக்கொண்டு மகாவலி பேராதனைக்கு ஓடுகிறது. அங்கே பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நவீன சிங்கள நாடகத்தின் முன்னோடியான அவருடைய கலையில் ஜப்பானிய அரங்குக்கும் தமிழ்க் கூத்துக்கும் பங்குண்டு.

1914 ஜூன் 3ஆம் திகதி காலிக்கு அண்மையிலுள்ள தொடந்துவவில் அவர் பிறந்தார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற பின் சாந்திநிகேதனுக்குச் சென்று இசை கற்றார். விரிவுரையாளரானதும் கிராமிய நாடகங்களைத் தேடி ஆராய்ந்து 1953இல் நூலாக்கினார். ஆனால் நகரத்துப் படித்தவர்களோ மேல்நாட்டு நாடகத் தழுவல்களையே விரும்பினர். அவரும் முதலில் அத்தகைய தழுவல்களையே மேடையேற்றினார்.

1950களின் நடுப்பகுதியில் புலமைப்பரிசில் பெற்று ஜப்பான் சென்றார். அங்கே நோ, கபுகி என்னும் பழைய நாடகங்களைக் கண்டார். நோ மேடையின் பின்பலகையில் பைன் மரம் ஒன்று வரையப்பட்டிருக்கும். காட்சித் திரைகள் கிடையா. இசைஞரும் பாடகர் குழுவும் பார்வையாளர் காணவே மேடையில் அமர்வர். நடிகர் சில அடிகள் வைத்தால் அது நெடும்பயணம். கையிலுள்ள விசிறி வாளாகும், கிண்ணமுமாகும். கபுகியில் பார்வையாளர் நடுவே நீளும் பாதையில் பாத்திரங்கள் வரும்.

படித்தவர்கள் பட்டிக்காட்டுக் கலை என ஒதுக்கிய தம் நாட்டு நாடகமவிலும் பாட்டும் ஆட்டமும் கதைசொல்லியும் இருந்ததை அவர் எண்ணிப் பார்த்தார். அந்த நாடகம தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து பிறந்தது. பல இரவுகள் ஆடப்பட்ட அந்த வடிவத்தை, அம்பலாங்கொடை சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருவின் துணையுடன் ஒரே மாலைக்குள் அடங்கச் செய்தார். அதுவே 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறிய 'மனமே'.

அதன் மூலம் ஒரு ஜாதகக் கதை. கணவனைக் கைவிட்டு அவன் பகைவனுக்கு வாளைக் கொடுத்த துரோகியாகவே இளவரசியை அது காட்டுகிறது. சரச்சந்திரவின் இளவரசியோ, நேர்மையாகப் போரிட்ட வேடர் தலைவனுக்காகக் கணவனிடம் இரக்கம் வேண்டுகிறாள். அந்தத் தடுமாற்றத்தில் கணவன் உயிரிழக்கிறான். குற்றம் யாருடையது? தீர்ப்பைப் பார்வையாளரிடமே விட்டார். காலங்காலமாகப் பழிசுமந்த பெண்ணுக்கும் ஒரு மனம் உண்டென்று அந்த வெறும் மேடை காட்டியது. நோவிலும் கபுகியிலும் பெண் வேடத்தை ஆண்களே ஏற்றனர். 'மனமே'யில் இளவரசியாக நடித்தவரோ ஒரு பெண்.

1961இல் 'சிங்கபாகு' வந்தது. அவரது முயற்சியால் ஊக்கம் பெற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனையிலேயே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் புதுப்பித்தார். தமிழிலிருந்து சென்றது தமிழுக்குத் திரும்பி வந்தது. சரச்சந்திர 1988இல் மகசேசே விருது பெற்றார். 1996 ஆகஸ்ட் 16ஆம் திகதி மறைந்தார்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழகும் மாணவியரே, திரைச்சீலைக்கும் அலங்காரத்துக்கும் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். ஊரில் மூத்தோர் அறிந்த ஆட்டத்தையும் பாட்டையும் கேட்டுப் பழகுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்டால் அவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.