ஐந்து வயசு வரை பேசாத பிள்ளை



இந்த வாரம் குமரகுருபரர் பத்தி எழுதுறேன். காரணம் என் மகன். ரெண்டே முக்கால் வயசு ஆச்சு, இன்னும் அம்மான்னு கூட சொல்லல. வீட்டிலிருந்தே வேலை என்பதால் பரளச்சியில்தான் இருக்கோம். தெருவில் எதிர்ப்படுற எல்லாரும் முதல்ல கேட்கிறது, பையன் பேச ஆரம்பிச்சுட்டானா என்பதுதான். வசம்பு உரசி நாக்கில் தடவச் சொன்னவங்களும் உண்டு. டாக்டர் கூடாதுன்னுட்டார். காது சோதிச்சுப் பார்த்துட்டு, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கார். வாரம் ஒருநாள் மதுரை போய் வர்றோம். அப்பத்தா மட்டும் பதறல. ஊமைப் பிள்ளையையே பாட வச்ச முருகன் திருச்செந்தூர்ல இருக்கான்னு சொன்னாங்க. அந்தப் பிள்ளைதான் குமரகுருபரர்.

17-ஆம் நூற்றாண்டு. தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம். அப்பா சண்முகசிகாமணிக் கவிராயர், அம்மா சிவகாமசுந்தரி அம்மை. அப்பா கவிராயர் என்பதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சொல்லையே சோறாக்கிச் சாப்பிடுற வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சொல் வரல. ஐந்து வயசு வரை வரல.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் திருச்செந்தூர் போனாங்க. ஒரு மண்டலம் விரதம் இருந்து சந்நிதியிலேயே கிடந்தாங்க. முருகன் அருளால் பிள்ளை வாய் திறந்தான், திறந்த வாயில் வந்ததே கந்தர் கலிவெண்பா என்கிறது வரலாறு. மொத்தம் 122 கண்ணிகள். முருகன் கதை முழுக்க அதில் அடங்கியிருக்கிறதால குட்டிக் கந்தபுராணம்னே சொல்வாங்க. தினமும் பாராயணம் பண்றவங்க உங்களிலேயே இருப்பீங்க.

வழக்கமா இந்தக் கதையை இதோட நிறுத்திடுவோம். எனக்கு இப்போ, பிள்ளை பேசாம இருந்த அந்த ஐந்து வருஷம்தான் மனசில் நிக்குது.

வளர்ந்த பிறகு மதுரைக்குப் போனார். அங்கே ஆட்சி (1623 முதல் 1659 வரை) திருமலை நாயக்கருடையது. மன்னர் முன்னால் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறினப்போ, அம்மையே சின்னப் பெண்ணா வந்து முத்துமாலையை எடுத்து இவர் கழுத்தில் போட்டாள்னு சொல்வாங்க. அப்புறம் தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரைக் குருவா அடைந்து துறவு பூண்டார். வைத்தீஸ்வரன்கோயில் முருகன்மேல் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். முகலாயர் ஆட்சியில் இருந்த காசிக்குப் போய், இந்துஸ்தானி கற்று, மடம் கண்டு, அங்கேயே சித்தியடைந்தார். (சிங்கத்தின் மேல் ஏறிப்போன கதையைத் தனியா எழுதணும், அது ஒரு வாரத்துக்கு வரும்.)

நான் சொல்ல வந்தது பிள்ளைத்தமிழ் பத்தி. பத்துப் பருவம் அதில் உண்டு. செங்கீரை ஐந்தாம் மாசம், சப்பாணி ஒன்பதாம் மாசம், ஒரு வயசை ஒட்டி வருகை என்று போகும். போனில் குழந்தை வளர்ச்சி ஆப் ஒண்ணு வச்சுக்கிட்டு, எந்த மாசத்துக்கு எது டிக் ஆகல என்று ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்துக்கிட்டு இருந்தவன் நான். இதையும் அதே கண்ணோடதான் பார்த்தேன். குமரகுருபரர் பாடின இந்த ரெண்டு பிள்ளைத்தமிழிலும் பேச்சுக்குன்னு ஒரு பருவமே இல்ல! குழந்தை தலையாட்டணும், கை தட்டணும், முத்தம் கொடுக்கணும், நடந்து வரணும், விளையாட நிலாவை வரச்சொல்றதைக் கேட்கணும். பேசுறது பூரா தாய்தான்.

குடும்பமே இல்லாத துறவி இதை எங்கே கத்துக்கிட்டார்? ஆதாரம் கேட்காதீங்க, என் ஊகம்தான். பதில் சொல்லாத பிள்ளைகிட்ட அந்த அம்மா ஐந்து வருஷம் பேசிக்கிட்டே இருந்திருக்கணும். அது எல்லாம் அவருக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கணும்.

நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? இது என்ன, அது என்ன, சொல்லு சொல்லுன்னு சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ற மாதிரி மகனைச் சோதிச்சுக்கிட்டு இருந்தேன். பயிற்சி கொடுக்கிறவங்களும் அதைத்தான் நிறுத்தச் சொன்னாங்க. கேள்வி கேட்காதீங்க, நீங்க பேசுங்க, கூட விளையாடுங்கன்னாங்க. ஆப்பை அழிச்சுட்டேன். இப்போ சாயங்காலம் லேப்டாப்பை மூடிட்டு அவனைத் தோளில் தூக்கிக்கிட்டுக் கண்மாய்க்கரைக்குப் போறேன். வழியெல்லாம் நானே பேசுறேன். கருவேலமரம், பருத்திச்செடி, போற மினிபஸ், எதையும் விடுறதில்ல. நான் கை தட்டினா அவனும் தட்டுறான். இவன் இவ்வளவு சிரிப்பான்னே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

போன மாசம் பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியா திருச்செந்தூர் போனோம். சந்நிதியில் அவன் எதுவும் பேசல. கடலைப் பார்த்ததும் அலைக்கு அலை கை தட்டினான். அவன் அம்மா அழுதுட்டா, ஆனா அது வருத்தத்தில் இல்ல.

போன புதன்கிழமை கண்மாய்க்கரையில் ஒரு மயில் அகவுச்சு. தோளில் இருந்தபடியே இவனும் அதே மாதிரி ஒரு சத்தம் போட்டான். சொல் இல்ல, வெறும் சத்தம். மயில் திரும்ப அகவுச்சு. நானும் சேர்ந்து அகவினேன். இருட்டுற வரைக்கும் மூணு பேரும் அதையே பண்ணிக்கிட்டு இருந்தோம்.

முருகா சரணம்.