டாரதியா டிக்ஸ் அம்மையாரும் பொதுப் பொக்கிஷத்தின் கடமையும்

வரவுசெலவுத் திட்டம் சட்டசபையில் விவாதத்துக்கு வருங்கால் ரஸ்தாக்களுக்காகப் பேசுவோர் உண்டு. ரெயில் பாதைகளுக்காகப் பேசுவோர் உண்டு. வியாபாரிகளின் குறைகளை எடுத்துரைப்போரும் உண்டு. சித்தங் கலங்கிய ஏழைகளுக்காகப் பேசுவோர் எந்நாட்டிலும் அரியர். அவர்கள் ஊர்வலம் வர மாட்டார்கள். தேர்தலில் அபேட்சகரை அச்சுறுத்த மாட்டார்கள். தங்கள் துன்பத்தைத் தாங்களே எடுத்துச் சொல்லவும் அவர்களிற் பலருக்கு இயலாது. ஆகவே அவர்களுடைய வழக்கைப் பிறர்தான் நடத்த வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வழக்கை நாற்பது ஆண்டுகள் கூலியின்றி நடத்தியவர் டாரதியா டிக்ஸ் அம்மையார். தனி மனிதரின் இரக்கம் எங்கே முடிகிறது, சர்க்காரின் கடமை எங்கே ஆரம்பமாகிறது என்னும் கேள்வி அவருடைய சரித்திரம் முழுவதிலும் ஊடுருவி நிற்கிறது. அக்காரணம் பற்றியே அச்சரித்திரத்தை நாம் நமது நேயர்கள் முன் வைக்கின்றோம்.

டிக்ஸ் அம்மையார் 1802-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி, அக்காலத்தில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்திருந்த மெய்ன் பகுதியில், ஹாம்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை ஊர் ஊராய்ச் சென்று மதப் பிரசங்கம் புரிந்தவர். குடும்பத்தில் வறுமையும் அமைதியின்மையும் குடிகொண்டிருந்தன. பன்னிரண்டாம் பிராயத்தில் டாரதியா பாஸ்டன் நகரிலிருந்த பாட்டியாரின் இல்லத்தை அடைந்தார். இளமையிலேயே உபாத்திமைத் தொழிலை மேற்கொண்டு பள்ளிக்கூடங்கள் நடத்தினார். 1824-ல் சிறுவர்க்கென ஒரு நூலும் வெளியிட்டார். 1836-ல் அவரது தேகம் மிகவும் நலிவுற்றது. ஓய்வுக்காக இங்கிலாந்து சென்றவர், லிவர்ப்பூலில் வில்லியம் ராத்போன் குடும்பத்தாருடன் ஓராண்டுக்கு மேல் தங்கினார். மனநோய் கொண்டோரைச் சங்கிலியால் பிணிக்காது, அன்பாலும் வேலையாலும் ஒழுங்காலும் குணப்படுத்த முயலும் புது முறை அந்நாட்டில் அப்போது பரவியிருந்தது. 1796-ல் யார்க் நகரில் குவேக்கர் சமயத்தார் திறந்த விடுதி அதற்கு வழிகாட்டியாயிற்று. டிக்ஸ் அம்மையார் தாயகம் திரும்பியபோது, பாட்டியார் விட்டுச்சென்ற சொத்து அவருடைய எளிய வாழ்க்கைக்குப் போதுமானதாயிருந்தது. பிற்காலத்தில் எந்தச் சட்டசபை முன்பும் அவர் தமக்கென ஒரு காசும் கேளாது நிற்க முடிந்ததற்கு இச்சுதந்திரமும் ஒரு காரணம்.

1841-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறைச்சாலையிலுள்ள ஸ்திரீகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் சொல்லும் பொருட்டு அவர் அங்கே சென்றார். குற்றம் ஒன்றும் செய்யாத, சித்தசுவாதீனமற்ற பெண்கள் கைதிகளோடு அடைக்கப்பட்டிருக்கக் கண்டார். கடுங்குளிர் நிறைந்த அந்த அறைகளில் கணப்பு இல்லை. பைத்தியக்காரருக்குக் குளிர் உறைக்காது என்பது அக்காலத்தில் பலர் கொண்டிருந்த எண்ணம். அம்மையார் விஷயத்தை நியாயஸ்தலத்துக்குக் கொண்டுசென்று, அவ்வறைகளுக்குக் கணப்பு வருவித்தார். வேறொருவராயின் செய்த நற்காரியத்தோடு மனநிறைவு எய்தி வீடு திரும்பியிருப்பர். இவரோ, ஏனைய ஊர்களில் நிலைமை யாது என்று அறியப் புறப்பட்டார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் சிறைகளையும் ஏழை விடுதிகளையும் ஒன்றரை ஆண்டுக் காலம் நேரிற் சென்று பார்த்துக் குறிப்பெடுத்தார்.

அவர் கண்ட கொடுமைக்கு மனிதரின் கல்நெஞ்சம் மாத்திரம் காரணமன்று, கணக்கும் காரணம். அம்மாகாணத்தில் 1833 முதல் ஊஸ்டர் நகரில் அரசாங்க மனநோய் வைத்தியசாலை ஒன்று இருக்கத்தான் செய்தது. ஹோரேஸ் மான் என்னும் பெரியாரின் முயற்சியால் ஏற்பட்டது அது. ஆனால் ஏழை நோயாளியை அங்கே அனுப்பினால், அவனுடைய பராமரிப்புச் செலவை அவன் ஊர் கொடுக்க வேண்டும். அவ்வூரின் ஏழை விடுதியிலேயே ஒரு மூலையில் அடைத்து வைத்தால் செலவு குறைவு. சில ஊர்களில் ஏழைகளின் பராமரிப்பே ஏலத்தில் விடப்பட்டது. மிகக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டவனிடம் ஏழை ஒப்படைக்கப்படுவான். குறைந்த தொகைக்கு ஏலம் எடுத்தவன் எத்தகைய உணவும் உறைவிடமும் அளிப்பான் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. செலவு யார் தலையில் விழுகிறது என்னும் விதியே நோயாளியின் கதியை நிர்ணயித்தது.

1843-ம் வருஷம் ஜனவரியில் டிக்ஸ் அம்மையார் தமது விண்ணப்பத்தை மாகாணச் சட்டசபைக்குச் சமர்ப்பித்தார். அக்காலத்தில் ஸ்திரீகளுக்கு வோட்டுரிமையும் இல்லை. சட்டசபையில் ஸ்தானமும் இல்லை. ஆதலின் குருடர் கல்விக்குப் பேர்பெற்ற டாக்டர் சாமுவேல் ஹௌ அதனைச் சபையின் முன் வைத்தார். கூண்டுகளிலும் நிலவறைகளிலும் தொழுவங்களிலும் மனிதர் அடைக்கப்பட்டும், சங்கிலியிடப்பட்டும், அடிக்கப்பட்டும் இருந்ததை ஊர்ப்பெயர் சுட்டி ஒவ்வொன்றாக அவ்விண்ணப்பம் எடுத்துக் கூறிற்று. உள்ளூர் அதிகாரிகள் சீறினர்; பொய் என்றனர்; தங்கள் ஊருக்கு அபகீர்த்தி என்றனர். ஆயினும் நேரிற் கண்ட சாட்சியத்தை அவர்களால் அசைக்க முடியவில்லை. ஊஸ்டர் வைத்தியசாலையை விஸ்தரிக்கச் சட்டசபை பணம் ஒதுக்கிற்று.

அதன்பின் அம்மையார் ஒரு மாகாணத்தோடு நிற்கவில்லை. ரோட் ஐலண்டில் சைரஸ் பட்லர் என்னும் செல்வரிடம் நேரிற் சென்று பேசி, மனநோய் வைத்தியசாலைக்காக 40,000 டாலர் பெற்றார். ஆனால் ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு பட்லர் கிடைப்பார் என்று ஏழைகள் காத்திருக்க முடியுமா? நியூ ஜெர்சியில் 1845-ல் சட்டசபைக்கே விண்ணப்பித்தார். 1848-ல் ட்ரென்டன் நகர வைத்தியசாலை திறக்கப்பட்டது. பென்சில்வேனியா, இல்லினாய் முதலிய மாகாணங்களிலும் அவ்வாறே வெற்றி கண்டார். எங்கும் ஒரே முறை: முதலில் ஊர் ஊராகச் சென்று பார்ப்பார், பின்னர் எழுதுவார், அதன்பின் சபை அங்கத்தினரை ஒவ்வொருவராகக் கண்டு பேசுவார்.

வட கரோலினாவில் வைத்தியசாலை மசோதா 1848-ல் செலவை முன்னிட்டு முதலில் தோல்வியுற்றது. அப்போது அம்மையார் தங்கியிருந்த விடுதியில், ஜேம்ஸ் டாபின் என்னும் சட்டசபை அங்கத்தினரின் மனைவியார் நோயுற்றுக் கிடந்தார். டிக்ஸ் அம்மையார் அருகிருந்து பணிவிடை செய்தார். அந்நற்பெண்மணி மரணத் தறுவாயில், அம்மசோதாவுக்குத் துணைநிற்குமாறு கணவரைக் கேட்டுக்கொண்டார். துக்கம் ஆறுமுன் டாபின் சபைக்கு வந்து பேசினார். 1849 ஜனவரியில் மசோதா நிறைவேறிற்று. இது உள்ளத்தை உருக்கும் நிகழ்ச்சியே. ஆயினும் ஒரு மாகாணத்து நோயாளர்களின் கதி, ஒரு மாதரசியின் மரணப் படுக்கையைப் பொறுத்திருந்தது என்பதை எண்ணுங்கால் நமக்குக் கலக்கமும் உண்டாகிறது.

அம்மையாருக்கும் இக்கலக்கம் இருந்திருக்க வேண்டும். ஏனெனில், ஆண்டுதோறும் சபையினரின் மனமாற்றத்தை நம்பியிராத ஒரு நிலையான நிதியை அவர் நாடினார். சமஷ்டி சர்க்கார் வசம் மேற்குப் பிரதேசங்களில் அளவிறந்த நிலம் இருந்தது. அதில் ஒரு பகுதியை மாகாணங்களுக்குப் பங்கிட்டு, விற்ற தொகையை நிரந்தர மூலதனமாக்கி, அதன் வருமானத்தால் ஏழை மனநோயாளரைப் பேண வேண்டும் என்று 1848-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்கு விண்ணப்பித்தார். உரிய பராமரிப்பின்றி வாடிய 9,000-க்கு மேற்பட்டோரைத் தாமே நேரிற் கண்டதாக அதில் தெரிவித்தார். முதலிற் கேட்டது 50 லட்சம் ஏக்கர். பின்னர் அது 1,22,25,000 ஏக்கராக வளர்ந்தது: ஒரு கோடி ஏக்கர் மனநோயாளர்க்கு, எஞ்சியது குருடர், செவிடர், ஊமையர்க்கு. ஆறாண்டு உழைப்பின் பயனாக 1854-ல் இரு சபைகளும் மசோதாவை ஏற்றன. மே மாதம் 3-ந் தேதி ஜனாதிபதி பிராங்க்ளின் பியர்ஸ் அதனை நிராகரித்தார்.

பியர்ஸ் கூறிய காரணத்தைச் சட்டம் பயின்றோர் ஊன்றி நோக்க வேண்டும். நோயாளரிடம் தமக்கு இரக்கம் உண்டு என்றார். ஆனால் சித்தங் கலங்கிய ஏழையைக் காப்பாற்றச் சமஷ்டி சர்க்காருக்கு அதிகாரம் உண்டென ஒப்பினால், ஏழைகள் அனைவரையும் காப்பாற்றும் பொறுப்பும் அதன்மேல் வந்து சேரும். அதற்கு அரசியல் சட்டம் இடந்தரவில்லை. மாகாணங்களின் தர்ம ஊற்றும் வறண்டுபோகும் என்று வாதித்தார். காங்கிரஸ் அவரது நிராகரிப்பைக் கடந்து மசோதாவைச் சட்டமாக்க முயன்றும் போதிய வோட்டுக் கிடைக்கவில்லை.

இவ்வாதம் வலியுடையதுபோல் தோன்றினும் நேர்மையுடையதன்று என்பதே நமது அபிப்பிராயம். 1819-ல் ஹார்ட்போர்ட் நகரத்துச் செவிடர் பள்ளிக்கும், 1826-ல் கெண்டக்கியிலுள்ள அத்தகைய பள்ளிக்கும் அதே காங்கிரஸ் நிலம் அளித்திருந்தது. 1850-ல் ரெயில் பாதைக்காக இல்லினாய் மாகாணத்துக்கு நிலம் கொடுக்கப்பட்டது. பியர்ஸ் நிராகரித்து ஏறக்குறைய எட்டாண்டுகளில், 1862-ல், விவசாயக் கல்லூரிகளுக்கு மாகாணந்தோறும் நிலம் வழங்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டார். இரும்புப் பாதைக்கும் கல்லூரிக்கும் வளைந்துகொடுத்த அரசியல் சட்டம் நோயாளி வந்து நின்றபோது மாத்திரம் விறைத்துக்கொண்டது. பணம் கொடுக்க மனமில்லாதவிடத்து அதிகாரம் இல்லை என்று சொல்வது, அன்றுதொட்டு இன்றுவரை அரசாங்கங்கள் கையாளும் பழைய உபாயமாகும்.

மனமுடைந்த அம்மையார் கடல் கடந்து பிரிட்டனுக்குச் சென்றார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஏழை நோயாளரை இலாப நோக்கத்தோடு தனியார் வைத்திருந்த விடுதிகளின் அவலத்தைக் கண்டு, லண்டன் சென்று உள்நாட்டு மந்திரியிடம் நேரில் முறையிட்டார். 1855-ல் ராஜாங்க விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. 1857-ல் ஸ்காட்லாந்துக்கெனப் புதிய மனநோய்ச் சட்டம் பிறந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட 1861-ல் தாயகத்தின் வட பகுதிச் சேனைக்குத் தாதியர் தலைவியாக அமர்ந்து, சம்பளம் பெறாது ஊழியம் செய்தார். முதுமையில், 1881-ல், தாம் தோற்றுவித்த ட்ரென்டன் வைத்தியசாலையே அவருக்குப் புகலிடம் அளித்தது. 1887-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். அவர் முயற்சியால் தோன்றிய வைத்தியசாலைகள் 32 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

குணத்தைப் போற்றும் நாம் குறையையும் மறைத்தலாகாது. தென் மாகாணங்களின் சட்டசபைகளைத் தம் வசப்படுத்த முயன்ற அம்மையார், அம்மாகாணங்களில் லட்சக்கணக்கான நீக்ரோ மக்கள் அடிமைகளாய்க் கிடந்ததைக் குறித்து வாய் திறவாதிருந்தார். சங்கிலியில் கிடந்த நோயாளியைக் கண்டு பதறிய நெஞ்சம், சங்கிலியில் கிடந்த அடிமையைக் கண்டும் மௌனம் சாதித்தது. ஒரு நற்காரியத்துக்காக மற்றொரு நியாயத்தை விலைகூறுவது தேசத்தொண்டர் எவருக்கும் முன்மாதிரியாகாது.

அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்தது யாது? வைத்தியசாலை ஒன்றில் 250 நோயாளர்க்கு மேல் இருத்தலாகாது என்று 1851-ல் அமெரிக்க மனநோய் வைத்தியசாலைத் தலைவர்கள் விதித்தனர். 1866-ல் அவ்வெல்லையை 600 ஆக்கினர். பின்னர் அதுவும் நில்லாது, ஆயிரக்கணக்கானோர் ஒரே ஸ்தாபனத்தில் நெருக்கப்பட்டனர். கட்டடத்துக்குப் பணம் கொடுத்த சபைகள் வைத்தியருக்கும் பணியாளருக்கும் ஆண்டுதோறும் கொடுக்கத் தயங்கின. 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1937-ல் உச்ச நீதிமன்றம் அதனை ஆதரித்த பின்னரே, பொதுநலத்துக்காகச் சமஷ்டிப் பொக்கிஷம் செலவிடலாம் என்பது ஐயமற நிலைபெற்றது. 1955-ல் அரசாங்க மனநோய் வைத்தியசாலைகளில் இருந்தோர் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகம். இவர்களைச் சமூகத்தின் நடுவிலேயே பேணும் பொருட்டு ஊர்தோறும் சிகிச்சை நிலையம் அமைக்க 1963-ல் ஜனாதிபதி கென்னடி சட்டம் செய்தார். திட்டமிட்ட நிலையங்களில் ஏறக்குறைய பாதியே எழுந்தன. அவற்றுக்கும் உதவித்தொகை சில ஆண்டுகளில் படிப்படியாய்க் குறையும்படி ஏற்பாடாயிருந்தது. 1965-ல் ஏற்பட்ட ஏழையர் வைத்திய உதவித் திட்டமோ, 65 வயதுக்குட்பட்டோர் மனநோய் வைத்தியசாலையில் இருந்தால் சமஷ்டிப் பணம் கிடையாது என்றது. ஆகவே நோயாளியை வெளியே அனுப்புவது மாகாணங்களுக்கு இலாபமாயிற்று. 1980-ல் கார்ட்டர் ஜனாதிபதியாயிருந்தபோது ஏற்பட்ட விரிந்த சட்டம், அடுத்த ஆண்டிலேயே ரீகன் ஆட்சியில் பெரும்பாலும் நீக்கப்பட்டது. மது, போதை, மனநோய் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே மானியம் குறைந்த தொகையில் மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. டாபினின் பேச்சால் உருவாகி 1856-ல் திறக்கப்பட்ட ராலி நகர வைத்தியசாலை 2012-ல் மூடப்பட்டது. இன்று சிகாகோவின் குக் கவுண்டிச் சிறையும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிச் சிறையும் அந்நாட்டில் மனநோயாளர் மிகுதியாகத் தங்கியிருக்கும் இடங்களிற் சேர்ந்தவையெனக் கூறப்படுகின்றன. 1841-ல் அம்மையார் எங்கிருந்து புறப்பட்டாரோ அங்கேயே அவ்வேழைகள் மீண்டும் போய்ச் சேர்ந்திருக்கின்றனர்.

இதற்கு அம்மையாரின் முயற்சி வீண் என்று பொருள் கொள்ளலாகாது. அவர் 1848-ல் கேட்டதைக் கொடுக்க மறுத்ததன் பலன் என்றே நாம் கொள்கிறோம். கட்டடம் வேறு, அதை நடத்தும் நிரந்தர நிதி வேறு என்பதையும், இரண்டு சர்க்கார்கள் செலவை ஒருவர்மேல் ஒருவர் தள்ளினால் இடையில் நசுங்குவோன் நோயாளியே என்பதையும் அவர் அன்றே உணர்ந்திருந்தார். பொதுக் காரியத்தில் ஈடுபட்டோர் அவரிடம் கற்க வேண்டிய பாடம் அதுவே. சட்டம் நிறைவேறிய நாளில் மாலை சூட்டிக்கொண்டு கலைந்துவிடுதல் தகாது. அச்சட்டத்தின்கீழ் இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவிட்டார்கள், செலவிட்டது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்க வேண்டும். ஊர் ஊராகச் சென்று தம் கண்ணாற் பார்த்துவந்து கேட்போருக்கு எந்தச் சபையும் எளிதில் மறுமொழி மறுக்க முடியாது.