மூன்று அழைப்புகள்

வேலூர் என்றதும் பலருக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பழைமை வாய்ந்த கோட்டை. மற்றொன்று, கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் நோயாளிகள் நாடி வரும் இம்மருத்துவமனை, 1900ஆம் ஆண்டில் ஒரு வீட்டின் சிறிய அறையில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். மருத்துவராவதில்லை, இந்தியாவில் வாழ்வதுமில்லை என்று இளமையில் உறுதி பூண்டிருந்தவர் அவர். அந்த உறுதிக்கும் காரணம் இருந்தது. அது கலைந்ததற்கும் காரணம் இருந்தது.

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மருத்துவராகப் பணியாற்றியவர். ஒருநாள் நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது, அங்குக் கிடந்த சிறு நூல் ஒன்றைப் படித்தார். தொலைதூர நாடுகளுக்குச் சென்று சமயப் பணியாற்ற வேண்டும் என்று அந்நூல் வலியுறுத்தியது. நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுவிட்டு, 1819ஆம் ஆண்டு மனைவி ஹேரியட்டையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கப்பல் கல்கத்தாவை அடைந்த சில நாள்களில் அக்குழந்தை இறந்துபோனது. ஆயினும் அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. யாழ்ப்பாணத்தை அடுத்த பண்டத்தரிப்பில் தங்கி மக்களுக்கு மருத்துவம் பார்த்தனர். பின்னர் 1836இல் சென்னைக்கு வந்து தங்கள் பணியைத் தொடர்ந்தனர். அவர்களுடைய மகன்கள் எழுவர் இந்தியாவில் சமயப் பணியும் மருத்துவப் பணியும் ஆற்றினர். அவர்களுள் தந்தையின் பெயரையே தாங்கிய இளைய மகன் ஜான்தான் ஐடாவின் தந்தை.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே மகள் என்பதால் வீட்டில் அவருக்குச் செல்லம் அதிகம். ஆனால், அவருக்கு ஆறு வயதானபோது தென்னிந்தியாவைக் கொடிய பஞ்சம் பீடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். ஸ்கடர் குடும்பத்தினர் பசித்தோருக்கு உணவளித்து வந்தனர். எலும்பும் தோலுமாய் நின்ற சிறுவர் சிறுமியருக்கு உணவு வழங்கும் பணியில் சிறுமி ஐடாவும் ஈடுபட்டார். சிலருக்குக் கையை நீட்டி உணவை வாங்கவும் வலுவில்லை. சாலையோரத்தில் குழந்தைகளின் உடல்கள் கிடந்ததையும் அவர் கண்டார். அந்தக் காட்சிகள் அவருடைய பிஞ்சு உள்ளத்தில் அச்சமாகப் பதிந்துவிட்டன.

பின்னர் அக்குடும்பம் ஓய்வுக்காக அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தை மட்டும் தம் பணிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு தாயார் சோபியாவும் கணவருக்குத் துணையாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். மகளின் கல்வி தடைபடக்கூடாது என்பதால், அவரைச் சிகாகோ நகரில் இருந்த பெரியப்பாவின் வீட்டில் விட்டுச் சென்றார். தாயார் புறப்பட்ட இரவில் ஐடா மாடிக்கு ஓடினார். தாயாரின் வெறுமையான படுக்கையில் விழுந்து, தலையணையில் முகம் புதைத்து அழுதார். சில ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெரியப்பாவும் சமயப் பணிக்காக ஜப்பான் சென்றார். ஐடா மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

பிறர் துன்பம் துடைக்கப் பெற்றோர் சென்றனர் என்பது ஐடாவுக்குத் தெரியும். ஆனால், அதற்காகத் தாம் இழந்தது என்ன என்பதும் அவருக்குத் தெரியும். தம் வாழ்க்கை அவ்வாறு அமையக்கூடாது என்று முடிவு செய்தார். படித்து முடித்து, திருமணம் செய்துகொண்டு, அமெரிக்காவிலேயே வசதியாக வாழ வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது.

1890ஆம் ஆண்டு தாயார் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. தாயாரைக் கவனித்துக்கொள்ளச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணத்துடன் ஐடா இந்தியா வந்தார். அப்போது அவருடைய பெற்றோர் திண்டிவனத்தில் வாழ்ந்து வந்தனர். ஐடா தாயாருக்குப் பணிவிடை செய்தார். அங்கிருந்த சிறுமியர் பள்ளியில் பாடமும் நடத்தினார். எனினும், மனம் அமெரிக்காவையே நாடியது.

ஓர் இரவு அவர் தம் அறையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார். வாசலில் காலடியோசை கேட்டது. வெளியே பிராமண இளைஞர் ஒருவர் பதற்றத்துடன் நின்றுகொண்டிருந்தார். இன்னும் சிறுமியாகவே இருந்த தம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பதாகவும், ஐடா வந்து உதவ வேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவரான தம் தந்தையை உடனே அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். ஆனால், அந்த இளைஞர் தயங்கினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவம் பார்ப்பதை அவருடைய குல வழக்கம் ஏற்கவில்லை. ஐடா எவ்வளவோ எடுத்துக் கூறியும் பயனில்லை. அவர் தலை குனிந்தவாறு இருளில் திரும்பிச் சென்றார்.

ஐடா தம் அறைக்குத் திரும்பினார். சிறிது நேரத்தில் மீண்டும் காலடியோசை கேட்டது. அந்த இளைஞர் மனம் மாறி வந்துவிட்டார் என்றெண்ணி ஐடா விரைந்து சென்றார். ஆனால், வந்தவர் ஓர் இஸ்லாமியர். அவருடைய மனைவியும் பிரசவத்தில் துன்புற்றுக்கொண்டிருந்தார். இம்முறை ஐடாவின் தந்தையே நேரில் பேசினார். குடும்பத்தாரைத் தவிர வேறு ஆடவர் எவரும் தம் மனைவியின் முகத்தைப் பார்த்ததில்லை என்று கூறி அவரும் மறுத்துவிட்டார். அவர் சென்றபின் மூன்றாவதாக மற்றோர் இந்து வந்தார். அவரும் அதே துயரத்தையே கூறினார். அதே காரணத்துக்காக மருத்துவரை அழைத்துச் செல்ல மறுத்தார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. உயிர் காக்கும் மருத்துவர் அதே வீட்டில் இருந்தார். உதவி கேட்டவர்களும் வாசல்வரை வந்தனர். ஆயினும், மூன்று பெண்களுக்கும் மருத்துவம் கிடைக்கவில்லை. ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் அந்த மூன்று வீடுகளும் அவருக்குக் கதவைத் திறந்திருக்கும். பொழுது விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவுப் பறையின் ஓசை கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

ஐடா தம் அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் சிந்தித்தார், இறைவனை வேண்டினார். பிறகு பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்காவில் மருத்துவம் பயின்று மீண்டும் இங்கேயே வரப்போவதாகத் தெரிவித்தார். பெற்றோரின் வற்புறுத்தலால் எடுத்த முடிவன்று அது. அன்றிரவு தம் கண்முன் நிகழ்ந்ததைக் கண்டு அவரே எடுத்த முடிவு.

1895ஆம் ஆண்டு ஐடா பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளித்தபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குப் புறப்படும் முன், வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை கட்ட எட்டாயிரம் டாலர் திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்காக ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, திண்டிவனத்தில் நிகழ்ந்ததை விவரித்தார். அடுத்த அறையிலிருந்த அவருடைய உறவினரான ஷெல் என்னும் முதியவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வங்கியின் தலைவர். மறுநாள் ஐடாவை அழைத்து, மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். தந்தையிடம் தொழில் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார். ஆனால், அவ்வாண்டு மே மாதமே தந்தை காலமானார். துயரத்தை அடக்கிக்கொண்டு வீட்டிலிருந்த சிறிய அறையை மருந்தகமாக்கினார். தொடக்கத்தில் இளம் பெண் மருத்துவரை நம்பி வர மக்கள் தயங்கினர். நாளடைவில் அந்தத் தயக்கம் நீங்கியது. வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் நோயாளிகள் நிறைந்தனர். சமையற்காரரின் மனைவியான சலோமி அவருக்கு உதவியாளரானார். இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் பேர் அங்கு மருத்துவம் பெற்றனர். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை நாடி ஐடா தாமே சென்றார். மாட்டுவண்டியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் செல்லும் சாலையில் பயணம் செய்வார். சாலையோர மரநிழலே மருத்துவமனையாகும். 1909ஆம் ஆண்டில் அவருக்குச் சிறிய மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. மாடு பூட்டாமல் இரைச்சலோடு வந்த அந்த வண்டியைக் கண்டு சிற்றூர் மக்கள் முதலில் அஞ்சி ஓடினர். பின்னர் அதே மக்கள் அதன் வருகைக்காக மரத்தடியில் காத்திருந்தனர்.

எவ்வளவு உழைத்தாலும் ஒருவரால் எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும்? ஒரே இரவில் மூன்று வீடுகளில் மருத்துவர் தேவைப்பட்டதை ஐடா மறக்கவில்லை. அந்த மண்ணிலேயே பிறந்த பெண்கள் மருத்துவர்களாகவும் தாதியராகவும் ஆனால்தான் தேவை நிறைவேறும் என்று உணர்ந்தார். 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க அரசாங்கத்தின் அனுமதியை வேண்டினார். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே அது பெரிய செய்தி என்று உயர் மருத்துவ அதிகாரி ஒருவர் கருதினார். ஆயினும், 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பள்ளி தொடங்கியபோது, இடங்களைவிட விண்ணப்பங்களே மிகுதியாக வந்திருந்தன.

அப்பள்ளியில் வசதிகள் குறைவு. போதிய நூல்கள் இல்லை, கருவிகளும் இல்லை. ஐடாவே உடற்கூற்றியல் பாடம் நடத்தினார். நான்கு ஆண்டுகள் கழிந்தன. சென்னை மாகாணம் முழுவதற்குமான பொதுத் தேர்வில், ஆண்களுக்கான பள்ளிகளின் மாணவர்களோடு அம்மாணவியரும் தேர்வெழுதினர். முதல் அணியைச் சேர்ந்த 14 பேரும் தேர்ச்சி பெற்றனர். பெண்களால் மருத்துவம் பயில இயலாது என்று ஐயுற்றவர்களுக்கு அதுவே விடையாயிற்று.

1938ஆம் ஆண்டு மற்றொரு சோதனை வந்தது. மருத்துவப் பள்ளிகள் அனைத்தும் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. இல்லையேல் வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. புதிய கட்டடங்களும் பேராசிரியர்களும் தேவைப்பட்டனர். அதற்குப் பெரும் பொருள் வேண்டியிருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல், எழுபது வயதான ஐடா நிதி திரட்ட அமெரிக்காவுக்குப் பயணமானார். ஆடவருக்கும் இடமளித்தால் கூடுதல் ஆதரவு கிடைக்கும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்காகவே நிதியளித்து வந்த நெடுநாள் தோழியர் சிலர் அதை எதிர்த்தனர். ஐடாவுக்கு மனவேதனை உண்டாயிற்று. ஆயினும், நிறுவனம் நிலைப்பதே முதன்மையானது என்று தெளிந்து, அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார். 1942இல் கல்லூரி பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1947இல் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பின்னாளில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்த பணிக்கும் அந்நிறுவனம் பெயர் பெற்றது.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தாயார் சோபியா, கணவர் மறைந்த பின்னரும் அமெரிக்கா திரும்பாமல் மகளுடன் வேலூரில் தங்கிவிட்டார். 1925இல் தாயார் இறக்கும்வரை இருவரும் ஒன்றாகவே வாழ்ந்தனர். சிறு வயதில் எந்தப் பணி தாயாரைப் பிரித்ததோ, அதே பணியின் நடுவில் தாயும் மகளும் கால் நூற்றாண்டு ஒன்றாய் இருந்தனர்.

1946இல் ஓய்வு பெற்ற ஐடா அம்மையார், கொடைக்கானலில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். 1960ஆம் ஆண்டு மே மாதம், தமது 89ஆம் வயதில் அங்கேயே காலமானார். அதற்குள் அவரிடம் பயின்ற மாணவியர் பலர் வெவ்வேறு ஊர்களில் மருத்துவர்களாகப் பணியாற்றிக்கொண்டிருந்தனர்.

திண்டிவனத்தில் இறந்த அந்த மூன்று பெண்களின் பெயர்களும் வரலாற்றில் பதிவாகவில்லை. அவர்களை ஐடாவால் காப்பாற்ற இயலவில்லை. ஆனால், அதே நிலை இன்னொரு பெண்ணுக்கு நேரக்கூடாது என்பதற்காக அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். உதவி கேட்டு வருபவருக்கு இரக்கம் காட்டுவது நற்பண்பு. இரக்கம் மட்டும் போதாது என்று உணர்ந்து, உதவும் ஆற்றலை வளர்த்துக்கொள்வதும், அதைப் பிறருக்குக் கற்றுத்தருவதும் அதனினும் உயர்ந்த தொண்டாகும்.